பட்டை ஒட்டாத பெட்டியும் கையொப்பம் இல்லாத மாட்யூலும்

புது லேப்டாப்பில் உபுண்டுவோ ஃபெடோராவோ போட்டவர்கள் பலர் இந்த வரியை ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள்: ‘ரிக்வயர்டு கீ நாட் அவைலபிள்’. தேவையான சாவி இல்லை என்கிறது. வைஃபை டிரைவரோ, என்விடியா டிரைவரோ, விர்ச்சுவல்பாக்ஸோ நிறுவியிருப்பீர்கள். நிறுவல் ஒழுங்காக முடிந்திருக்கும். ஆனால் அந்த மாட்யூலை ஏற்றச் சொன்னால் கெர்னல் ஒரே பிடியாக மாட்டேன் என்று நிற்கும். இணையத்தில் தேடினால் கிடைக்கும் முதல் பதில், “பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைத்துவிடு” என்பதுதான். அணைத்தால் வேலை நடந்துவிடும், உண்மைதான்.

இந்தப் பதிவு அணைப்பது பற்றி இல்லை. அந்தச் சாவி யாருடையது, எப்படி நம் மிஷினுக்குள் வந்தது, அதில் ஒரு பங்கு நம் கைக்கு எப்படிக் கிடைத்தது என்பது பற்றி. நான் விருதுநகர்க்காரன் என்பதால் கதையைத் தீப்பெட்டியில் தொடங்குகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

1934: பெட்டி மேல் ஒரு பட்டை

சிவகாசியின் கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் மனப்பாடம். உறவினர்களான பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1923ல் சிவகாசியில் தொழிற்சாலை தொடங்கினார்கள். மழை குறைவு, கரிசல் காடு, விவசாயம் கைகொடுக்காத ஊர். குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் ஆள் கிடைத்தது. அதே 1923ல்தான் சுவீடன் நாட்டுத் தீப்பெட்டிக் குழுமம் இந்தியாவில் விம்கோ கம்பெனியைத் தொடங்கியது. ஒரு பக்கம் உலகத்தையே கட்டியாளப் பார்த்த கம்பெனி, இன்னொரு பக்கம் நம்ம ஊர் ‘தீப்பெட்டி ஆபீஸ்’கள். (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் ஃபேக்டரி என்று சொல்ல மாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்தான்.)

உள்நாட்டிலேயே தீப்பெட்டி தயாரானதும் இறக்குமதி குறைந்தது. இறக்குமதி குறைந்ததும் வெள்ளைக்கார அரசுக்கு வரவேண்டிய தீர்வையும் குறைந்தது. அதை ஈடுகட்ட 1934ல் தீப்பெட்டிக் கலால் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு பெட்டி மேலும் அரசு அச்சடித்த ஒரு காகிதப் பட்டை ஒட்டியாக வேண்டும். அதன் பெயர் பேண்டரோல். வரியைக் கட்டிப் பட்டையை வாங்க வேண்டும், அதைப் பெட்டியில் ஒட்ட வேண்டும், அப்புறம்தான் சரக்கு வெளியே போகலாம். பட்டை இல்லாத பெட்டி திருட்டுச் சரக்கு.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, உள்ளே இருக்கும் குச்சி பற்றி எரியுமா, நமத்துப் போனதா என்று பட்டை எதுவும் சொல்லாது. வரி கட்டியாயிற்று என்று மட்டும்தான் சொல்லும். இரண்டு, பட்டை அச்சடிக்கும் உரிமை ஒரே ஒரு கையில் இருந்தது. மூன்று, பெட்டி விற்றுக் காசு கைக்கு வருவதற்கு முன்னாலேயே பட்டைக்குக் காசு போட வேண்டும். பெரிய கம்பெனிக்கு அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. நாலு பேரை வைத்துத் தொழில் பண்ணுகிறவனுக்கு அது முதலே முடங்கிப்போகிற விஷயம். சுதந்திரத்துக்குப் பிறகு உற்பத்தி அளவைப் பார்த்துச் சிறிய ஆபீஸ்களுக்குக் குறைந்த தீர்வை வைத்ததால்தான் அந்தப் போட்டி ஓரளவு சமமானது.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்குப் போவோம்.

கதவு திறக்கும் முன்பே வரும் திருடன்

மிஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடுவது விண்டோஸும் அல்ல, லினக்ஸும் அல்ல. மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர். அது டிஸ்க்கில் ஒரு சின்ன நிரலைத் தேடி எடுத்து ஓட்டும். அந்த நிரல் கெர்னலை எழுப்பும். பழைய பயாஸ் காலத்தில், அந்த இடத்தில் யார் எதை வைத்திருந்தாலும் ஃபர்ம்வேர் கேள்வி கேட்காமல் ஓட்டியது. 1986ல் பக்கத்து நாடான பாகிஸ்தானின் லாகூரிலிருந்து கிளம்பிய ‘பிரெய்ன்’ வைரஸ் ஃபிளாப்பியின் அந்த இடத்தில்தான் உட்கார்ந்தது. இயங்குதளம் விழிப்பதற்கு முன்பே வைரஸ் விழித்துக்கொண்டால் அப்புறம் எந்த ஆன்டிவைரஸ் என்ன செய்யும்? காவல்காரன் வேலைக்கு வருவதற்கு முன்பே திருடன் வீட்டுக்குள் இருக்கிறான்.

இதற்கான பதில்தான் செக்யூர் பூட். பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரின் 2.3.1 பதிப்பில், 2011ல், இது முழு வடிவம் பெற்றது. ஏற்பாடு எளிமையானது. ஃபர்ம்வேருக்குள் சில பொதுச் சாவிகள் இருக்கும். பூட் நிரலில் அவற்றுக்குப் பொருந்தும் கையொப்பம் இருந்தால் ஓட்டும், இல்லாவிட்டால் ஓட்டாது. கூடவே ‘இவற்றை ஓட்டவே ஓட்டாதே’ என்று ஒரு தடைப்பட்டியலும் உண்டு.

டிஜிட்டல் கையொப்பம் பேண்டரோலை விட ஒரு படி மேல். நிரலின் மொத்த பைட்டுகளையும் கணக்கிட்டுக் கைரேகை மாதிரி ஒரு எண் எடுக்கிறார்கள். அதை ஹாஷ் என்பார்கள். அந்த எண்ணின் மேல் ரகசியச் சாவியால் கையொப்பம் போடுகிறார்கள். நிரலில் ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறும், கையொப்பம் செல்லாது. ஒரு பெட்டியின் பட்டையைப் பிய்த்து இன்னொரு பெட்டியில் ஒட்டுகிற வேலை இங்கே நடக்காது.

2011 செப்டம்பர்

அந்த மாதத்தில் இரண்டு விஷயங்கள் ஒரே வாரத்தில் நடந்தன. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் வழியாக வாங்கப்பட்ட அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சி-டாக் சென்னையில் உருவாக்கி 2007 ஜனவரியில் வெளியிட்ட, டெபியனை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம். சாத்தூரிலும் அருப்புக்கோட்டையிலும் பிளஸ் டூ படித்த பிள்ளைகள் பல பேர் முதன்முதலில் லினக்ஸைக் கண்ணால் பார்த்தது அந்த மிஷினில்தான். பார்த்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பிய பிள்ளைகளும் நிறைய, அது வேறு கதை.

அதே வாரம் அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் வரப்போகும் விண்டோஸ் 8க்கான விதிகளைப் பேசியது. விண்டோஸ் 8 முத்திரை வேண்டுமென்றால் மிஷின் செக்யூர் பூட் போட்ட நிலையில் விற்பனைக்கு வரவேண்டும். செப்டம்பர் 20 அன்று ரெட் ஹேட்டில் வேலை பார்த்த மேத்யூ கேரட் தன் வலைப்பதிவில் மணி அடித்தார்: விண்டோஸ் சாவி மட்டும் இருக்கிற மிஷினில் லினக்ஸ் ஏறவே ஏறாது.

அதாவது, இங்கே ஒரு அரசு ‘ஒரே மிஷினில் இரண்டு இயங்குதளம்’ என்று பிள்ளைகள் கையில் கொடுத்துக்கொண்டிருந்த வாரத்தில், அங்கே இரண்டாவது இயங்குதளத்துக்குக் கதவு இருக்குமா என்ற கேள்வி எழுந்துவிட்டது.

எதிர்ப்பு கிளம்பியதும் விதியில் ஒரு திருத்தம் வந்தது. இன்டெல் வகை மிஷின்களில் பயனர் செக்யூர் பூட்டை அணைக்கவும், சொந்தச் சாவி போடவும் வழி இருக்க வேண்டும். ஏஆர்எம் வகை மிஷின்களில் அந்த வழி இருக்கவே கூடாது. 2015ல் விண்டோஸ் 10 வந்தபோது, அணைக்கும் வசதி தருவதும் தராததும் தயாரிப்பாளர் விருப்பம் என்று ஆனது. இன்றைக்கும் பெரும்பாலான லேப்டாப்புகளில் அந்த வசதி இருக்கிறது. ஆனால் அது உரிமையாக இல்லை, பழக்கமாக இருக்கிறது.

99 டாலரும் ஒரு சின்ன நிரலும்

லினக்ஸ்காரர்கள் முன்னால் இருந்த வழிகள் மூன்று. எல்லா மதர்போர்டுக் கம்பெனியிடமும் போய் ‘எங்கள் சாவியையும் போடுங்கள்’ என்று கேட்பது. ரெட் ஹேட் போன்ற பெரிய கம்பெனிக்கு அது முடிந்தாலும், நாலு பேர் சேர்ந்து வெளியிடும் சின்ன லினக்ஸுக்கு முடியாது. இரண்டாவது, பயனரை அணைக்கச் சொல்வது. மூன்றாவது, மைக்ரோசாஃப்டிடமே கையொப்பம் வாங்குவது.

2012 மே மாதக் கடைசியில் ஃபெடோரா மூன்றாவது வழியை எடுப்பதாகக் கேரட் அறிவித்தார். செலவு ஒரே தடவை 99 டாலர். ஆனால் கெர்னல் மாறும்போதெல்லாம் மைக்ரோசாஃப்ட் வாசலில் போய் நிற்க முடியாது. அதனால் ‘ஷிம்’ என்று ஒரு சின்ன நிரல் எழுதினார்கள். ஷிம் என்றால் இடுக்கில் செருகும் ஆப்பு. அதற்கு மட்டும் மைக்ரோசாஃப்டின் கையொப்பம். அதன் வயிற்றுக்குள் ஃபெடோராவின் சாவி. ஷிம் அந்தச் சாவியை வைத்து க்ரப்பைச் சரிபார்க்கும், அடுத்து கெர்னலையும் அதே சாவிதான் சரிபார்க்கும். 2012 அக்டோபரில் உபுண்டு 12.10, 2013 ஜனவரியில் ஃபெடோரா 18 என்று செக்யூர் பூட் மிஷினில் ஏறும் லினக்ஸ்கள் வரத் தொடங்கின. டெபியன் 2019ல்தான் வந்து சேர்ந்தது.

இதில் உண்மையான திருப்பம் சூசே ஆட்கள் 2012 ஆகஸ்டில் சொன்ன யோசனை. ஷிம்முக்குள் விநியோகக்காரரின் சாவி மட்டும் இருந்தால் போதாது, மிஷினின் சொந்தக்காரரும் தன் சாவியைச் சேர்க்க வழி வேண்டும் என்றார்கள். அதன் பெயரே அதுதான்: மெஷின் ஓனர் கீ, சுருக்கமாக மோக். மிஷின் சொந்தக்காரர் சாவி. ரிமோட்டில் இருந்துகொண்டு யாரும் திருட்டுத்தனமாகச் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக, மறு பூட்டில், இயங்குதளம் எழும் முன், ஒரு நீலத் திரையில், கீபோர்டு முன்னால் உட்கார்ந்து கடவுச்சொல் தட்டினால்தான் சாவி ஏறும். பேண்டரோல் உவமையில் சொன்னால், அரசு அச்சகத்தோடு சேர்த்து, ‘என் வீட்டுக்குள் மட்டும் செல்லும்’ ஒரு பட்டையை நானே அச்சடித்துக்கொள்ள அனுமதி.

சங்கிலி மாட்யூல் வரை நீண்ட கதை

கெர்னல் வரைக்கும் கையொப்பம் பார்த்தாயிற்று. ஆனால் கெர்னல் மாட்யூல் என்பது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குள்ளேயே போய் உட்காரும் துண்டு. கெர்னலுக்கு உள்ள எல்லா அதிகாரமும் அதற்கும் உண்டு. வாசலில் சோதனை போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்துவைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் 2012 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.7ல் மாட்யூல் கையொப்ப வசதி சேர்ந்தது. 2013 பிப்ரவரியில், மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட கோப்பு வழியாகக் கெர்னலுக்குள் சாவியைக் கொண்டுவரலாம் என்று ஒரு யோசனை வந்தபோது லினஸ் டோர்வால்ட்ஸ் கொதித்துப்போய் மறுத்தார். 2016ல் உபுண்டு 16.04, செக்யூர் பூட் இருந்தால் கையொப்பம் இல்லாத மாட்யூலை ஏற்றுவதில்லை என்று கதவைச் சாத்தியது. நாம் முதலில் பார்த்த அந்த வரி பலருக்கும் அறிமுகமானது அப்போதுதான். 2019 நவம்பரில் வந்த லினக்ஸ் 5.4ல் ‘லாக்டவுன்’ என்ற பூட்டும் சேர்ந்தது.

சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கணக்குப் பார்க்கும் மிஷினை லினக்ஸுக்கு மாற்றினார். யூஎஸ்பி வைஃபை வேலை செய்யவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டார்: “தம்பி, மிஷின் நான் காசு குடுத்து வாங்கினது. அதுல எது ஓடணும்னு அமெரிக்காக்காரன்கிட்ட எதுக்குக் கையெழுத்து வாங்கணும்?” “வாங்க வேண்டாம் அண்ணாச்சி, உங்க கையெழுத்தே செல்லும். நாமதான் அதைப் பதிஞ்சு வைக்கணும்” என்றேன்.

செய்தது இவ்வளவுதான். முதலில் மோக்யூட்டில் கட்டளையால் செக்யூர் பூட் நிலை என்ன என்று பார்த்தோம். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஒரு ரகசியச் சாவியும் அதற்கான சான்றிதழும் உருவாக்கினோம். ரகசியச் சாவியை ரூட் தவிர யாரும் படிக்க முடியாதபடி வைத்தோம். சான்றிதழை மோக்யூட்டிலின் இம்போர்ட் கட்டளையில் கொடுத்தோம். அது ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கும். ரீபூட் செய்ததும் நீலத் திரை வரும். சில விநாடிக்குள் ஒரு விசையைத் தட்டாவிட்டால் போய்விடும், பராக்குப் பார்க்கக் கூடாது. அதில் ‘என்ரோல் மோக்’, ‘கன்டினியூ’, ‘யெஸ்’, கடவுச்சொல், ரீபூட். அப்புறம் கெர்னலோடு வரும் சைன்-ஃபைல் ஸ்கிரிப்டால் மாட்யூலில் கையொப்பம் போட்டோம். ஏறியது.

கெர்னல் புதுப்பிக்கும் போதெல்லாம் மாட்யூலையும் திரும்பக் கட்டித் திரும்பக் கையொப்பமிட வேண்டும். டெல் கம்பெனியில் 2003 வாக்கில் உருவான டிகேஎம்எஸ் அதைத் தானாகச் செய்யும். இப்போதைய உபுண்டுவில் சாவி உருவாக்குவதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. நீலத் திரையில் கடவுச்சொல் தட்டும் வேலை மட்டும் உங்களுடையது. அதைத் தாண்ட முடியாது, தாண்டவும் கூடாது.

கையொப்பம் எதைச் சொல்லாது

குச்சி பற்றுமா என்று பேண்டரோல் சொல்லாது என்றேன் இல்லையா? டிஜிட்டல் கையொப்பமும் அப்படியே. இது யாரிடமிருந்து வந்தது, வழியில் மாறவில்லை என்று மட்டும்தான் சொல்லும். நல்லது என்று சொல்லாது. 2010ல் பிடிபட்ட ஸ்டக்ஸ்நெட்டின் டிரைவர்களில் ரியல்டெக், ஜேமைக்ரான் கம்பெனிகளின் உண்மையான கையொப்பம் இருந்தது. திருடிய சாவி. 2020 ஜூலையில் வெளிவந்த ‘பூட்ஹோல்’ விவகாரத்தில் யாரும் எதையும் திருடவில்லை. முறையாகக் கையொப்பமிட்ட க்ரப்பிலேயே ஓட்டை இருந்தது.

அப்போது செய்யக்கூடியது கையொப்பத்தைத் திரும்பப் பெறுவதுதான். அதுதான் இருப்பதிலேயே கடினம். உலகத்தில் உள்ள அத்தனை மிஷினின் தடைப்பட்டியலுக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும். இதற்காக ‘எஸ்பேட்’ என்ற பதிப்பு எண் முறையை ஷிம்மில் கொண்டுவந்தார்கள். 2024 ஆகஸ்டில் விண்டோஸ் அப்டேட் ஒன்று அந்த எண்ணை உயர்த்தியதும், விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருந்த பலரின் லினக்ஸ் எழவே இல்லை. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம், பூட்டை மாற்றியது ஒருவர்.

திரும்பப் பெற்ற உரிமம் களத்துக்கு வந்து சேராவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. 2012 செப்டம்பர் 5ல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 35க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அந்த ஆலையின் உரிமம் அதற்கு முன்பே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. காகிதத்தில் ரத்து, களத்தில் மருந்து இடிக்கிறார்கள். உயிர் போன விஷயத்தை ஒரு சாஃப்ட்வேர் கோளாறோடு ஒப்பிட எனக்கு மனம் இல்லை. ஆனால் ஒரு பாடம் இரண்டுக்கும் பொது: அனுமதி கொடுப்பது பாதி வேலை, ரத்து செய்ததை அமலாக்குவது மீதிப் பாதி.

இப்போது பட்டாசுப் பெட்டிக்கும் முத்திரை வந்துவிட்டது. உச்ச நீதிமன்றத்தின் 2018 அக்டோபர் தீர்ப்புக்குப் பிறகு, நீரி உருவாக்கிய பசுமைப் பட்டாசுகள் 2019 அக்டோபரில் அறிமுகமாயின. போலியைத் தடுக்க லோகோவும் க்யூஆர் கோடும் உண்டு. ஆனால் பெட்டி மேல் அச்சடித்த க்யூஆர் கோடு ஒரு படம், அவ்வளவுதான். ஒரு பெட்டியில் உள்ளதை நூறு பெட்டியில் அச்சடித்தால் நூறும் ஒரே பதிலைத்தான் சொல்லும். அதுவும் சிவகாசியில் போய் ‘அச்சடிக்க முடியாது’ என்று யாராவது சொல்ல முடியுமா? மருந்தின் கலவைக்கும் அந்தப் படத்துக்கும் நடுவில் ஹாஷ் எதுவும் இல்லை. அந்த இடத்தை நிரப்புவது ஆய்வகச் சோதனையும், நேரில் போய்ப் பார்க்கும் அதிகாரியும்தான்.

2026

2011ல் மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய செக்யூர் பூட் சான்றிதழ்களுக்குக் காலாவதி உண்டு. ஷிம்மில் கையொப்பமிடப் பயன்பட்ட சான்றிதழின் கடைசி மாதம் 2026 ஜூன். அடுத்து வருவது 2023ல் உருவாக்கிய சாவி. பயப்பட வேண்டாம், ஏற்கெனவே ஓடும் மிஷின் அன்றைக்கே நின்றுவிடாது. ஃபர்ம்வேர் பொதுவாகத் தேதி பார்ப்பதில்லை. ஆனால் இனி வரும் ஷிம்கள் புதுச் சாவியில் வரும். அந்தச் சாவி ஏறாத பழைய மிஷின்களில் அவை ஓடாது. எங்கள் பக்கம் பில் போடும் கடை முதல் டுடோரியல் வரை செகண்ட்ஹேண்ட் லேப்டாப்பில்தான் ஓடுகிறது. ஃபர்ம்வேர் அப்டேட் பார்க்காதவர்கள் இந்த வருஷமாவது பார்த்துவிடுங்கள். செகண்ட்ஹேண்டில் வாங்கும்போது பயாஸ் கடவுச்சொல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அது பழைய சொந்தக்காரர் கையில் இருந்தால், மிஷினை வாங்கியும் சாவி உங்களிடம் இல்லை என்று அர்த்தம்.

செக்யூர் பூட் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பட்டை கூடாது என்பதல்ல வாதம். பட்டை அச்சடிக்கும் உரிமை ஒரே கையில் இருக்கக் கூடாது என்பதுதான். அந்த உரிமையில் ஒரு பங்கை மிஷின் சொந்தக்காரருக்கு வாங்கிக் கொடுத்தது அந்த நீலத் திரை. அழகாக இருக்காது, அவசரப்படுத்தும், பயமுறுத்தும். ஆனாலும் அடுத்த தடவை ‘தேவையான சாவி இல்லை’ என்று வந்தால், அணைத்துவிட்டுப் போகாமல் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி உங்கள் சாவியைப் பதிந்துவையுங்கள். பயன்படுத்தாத உரிமையை எடுத்துவிடுவது யாருக்கும் சுலபம்.

(தீப்பெட்டி லேபிள்களில் ஒரு கம்பெனியின் படத்தை இன்னொரு கம்பெனி கொஞ்சம் மாற்றி அச்சடித்த வழக்கம் பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. பழைய லேபிள் சேகரிப்பு வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.)